குளித்த பிறகும் போகாத வாடை: உடம்பினுள் இருக்கும் நோய் காரணமாகுமா?

மோல்மீன் கடைக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்தாறு. மியன்மாரின் மோல்மீனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாத ஒன்றை, பெயர் தெரியாதவர்கள் நடுவிலாவது கேட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்பிருந்து என் மறைவிடத்தில் இதுவரை இல்லாத ஒரு வாடை வருகிறது. வியர்வை நாற்றம் எனக்குத் தெரியும். இது அது அன்று. மாவு புளித்துப் பொங்கும்போது வருமே, அதைப் போன்ற வாடை. முன்தோலின் உட்புறத்தில் வெள்ளையாக ஒன்று படிகிறது. கழுவினால் போய், மறுநாளே திரும்பி வருகிறது. முன்தோலின் விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் உள்ளன. சிறுநீர் பட்டால் அவை எரிகின்றன. தோலைப் பின்னுக்குத் தள்ளுவதும் முன்போல் எளிதாக இல்லை.

அழுக்குதான் காரணம் என்று எண்ணி, ஒரு நாளில் பலமுறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கிருமிநாசினி திரவத்தையும் தண்ணீரில் கலந்து பயன்படுத்துகிறேன். கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூசிய சில நாட்கள் அரிப்பு அடங்கியது. பிறகு முன்னைவிட அதிகமாகிவிட்டது. ஙப்பி என்ற புளித்த மீன் விழுதையும் கருவாட்டையும் விட்டுவிடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். விட்டும் பார்த்தேன்; மாற்றம் இல்லை.

என் மனைவி இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நானே விலகிப் படுத்துக்கொள்கிறேன். இது தகாத உறவினால் வரும் நோய் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்பதுதான் என் பெரிய அச்சம். அப்படி எந்தத் தவறும் என் பக்கம் இல்லை.

மற்றபடி உடல்நலத்துக்குக் குறைவில்லை. இரவில் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுகிறேன். தாகமும் சற்று அதிகம்தான், ஆனால் வெயிலில் கடையில் நிற்பவனுக்குத் தாகம் எடுப்பது இயல்பு என்று விட்டுவிட்டேன். என் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்த வாடைக்கு உள்ளே இருக்கும் நோய் ஏதேனும் காரணமாக இருக்குமா? எந்த மருத்துவரிடம் போக வேண்டும்? தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

யங்கோன் பொது மருத்துவர்

அன்புள்ள தம்பிக்கு,

நான் யங்கோனில் பல ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கடைசிப் பத்தியில், பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதுபோல் எழுதியிருக்கும் மூன்று செய்திகளைத்தான் நான் முதலில் படித்தேன்: இரவில் எழுந்து சிறுநீர் கழிப்பது, தாகம், தந்தைக்கு இருந்த சர்க்கரை நோய். இவற்றோடு முன்தோல் வெடிப்பையும் வெள்ளைப் படிவையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் களிம்பு எழுதுவதற்கு முன் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வார். நாளைக் காலையே பார்த்துவிடுங்கள்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்குகிறேன். இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடிவதில்லை. மிஞ்சியது சிறுநீரோடு வெளியேறுகிறது. சிறுநீரில் எறும்பு மொய்த்ததை வைத்தே நம் பெரியவர்கள் இந்த நோயைக் கண்டுகொண்டார்கள். அந்தச் சர்க்கரை கலந்த சிறுநீரின் ஒரு துளி முன்தோலுக்கு அடியில் தங்கினாலும் போதும். சூடும் ஈரமும் காற்றோட்டமின்மையும் ஏற்கெனவே உள்ள அந்த இடத்தில், தோலில் சிறு அளவில் எப்போதும் வாழக்கூடிய காண்டிடா என்ற பூஞ்சைக்கு உணவும் கிடைத்துவிடுகிறது. அது பெருகும்போதுதான் நீங்கள் சொல்லும் புளித்த மாவு வாடையும், வெள்ளைப் படிவும், சிவப்பும், அரிப்பும் வருகின்றன. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமிகளை எதிர்க்கும் திறனும் குறைந்துவிடுகிறது; ஆகவே வந்தது எளிதில் போவதில்லை.

நடுத்தர வயதில், அதுவரை எளிதாகப் பின்னுக்குச் சென்ற முன்தோல் வெடித்து, இறுகத் தொடங்கினால், அதைச் சர்க்கரை நோயின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு சோதிப்பது மருத்துவ வழக்கம். வேறு எந்தத் தொந்தரவும் தோன்றாத நிலையில், இந்த ஒன்றின் வழியாகவே தமக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்துகொள்பவர்கள் உண்டு. அதனால்தான் இந்த வாடையை வெறும் வாடையாக நினைத்து மறைக்க வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன்.

இனி, நீங்கள் உடனே நிறுத்த வேண்டியவை. கிருமிநாசினித் திரவம் அந்த இடத்துக்கு ஆகாது. சோப்பும் வேண்டாம். முன்தோலின் உட்புறமும் ஆண்குறி மொட்டின் மேற்புறமும் மிக மென்மையானவை. காரமும் இரசாயனமும் அவற்றின் மேல்படலத்தைப் புண்ணாக்கும், புண்ணான இடத்தில் பூஞ்சை இன்னும் எளிதாகப் பற்றும். நாற்றம் வருகிறது என்று கழுவி, கழுவியதால் புண்ணாகி, புண்ணால் நாற்றம் அதிகமாகி, மறுபடியும் கழுவும் இந்தச் சுழற்சியில் சிக்கியிருக்கும் ஆண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சுத்தமில்லாதவர்கள் அல்லர். அளவுக்கு மீறிச் சுத்தம் பார்த்தவர்கள். நாளுக்கு ஒரு முறை, அல்லது மிஞ்சிப்போனால் இரு முறை, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரால் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு தோலை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். தனகா என்ற மரப்பட்டைப் பூச்சும் முகப்பவுடரும் அந்த மடிப்புக்குள் வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து அவை கட்டியாகிப் படியும். தோலைப் பின்னுக்குத் தள்ளினால் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அது பின்னாலேயே மாட்டிக்கொண்டு வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

மருந்துக் கடையில் கொடுத்த களிம்பின் உறையைத் தேடிப் பாருங்கள். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் சில நாட்களுக்கு அமுக்கிவிடும். பூஞ்சை அதற்கு அடியில் நிம்மதியாக வளரும். நிறுத்தியதும் முன்னைவிட வேகமாக வெளிப்படும். நீங்கள் விவரித்தது ஏறத்தாழ அதுவே. நேரில் பார்த்துக் காண்டிடாதான் என்று மருத்துவர் உறுதி செய்தால், பெரும்பாலும் குளோட்ரிமசோல் மட்டும் உள்ள 1 சதவீதக் களிம்பை நாளுக்கு இரு முறை, ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பூசச் சொல்வார். ஃபுளூக்கோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கொடுப்பதும் உண்டு. அதை நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள். கிளிமிபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகளோடு அது சேரும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

சோதனையைப் பொறுத்தவரை, சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வோம். வேறொரு நாளில் மறுபடியும் எடுத்து உறுதி செய்வது முறை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதம் எல்லை. நம் நாட்டில் ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை மாற்றமும் தலசீமியாவும் பலருக்கு இருப்பதால் இந்த எண் சிலருக்குப் பொய்யாக வரும் என்பதையும் மருத்துவர் நினைவில் வைத்திருப்பார்.

எந்த மருத்துவர் என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் பொது மருத்துவர் ஒருவரே தொடக்கத்துக்குப் போதும். தெரிந்தவர் என்பதால் கூச்சமாக இருந்தால் வேறு பேட்டையில் உள்ளவரிடம் போங்கள். "சர்க்கரை பார்க்க வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "மறைவிடத்தில் புண்ணும் வாடையும் இருக்கின்றன, பார்க்க வேண்டும்" என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். மருத்துவருக்கு அது அன்றாடம் காணும் ஒன்று.

பகோ வாசகர்

டாக்டர் ஐயா சொன்னதோடு சர்க்கரைக்காரர்களுக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுகாலமாகிறது. அளவும் கட்டுப்பாட்டில் இருந்தது. மருத்துவர் டாபாகிளிஃபுளோசின் என்ற மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார். இரத்தச் சர்க்கரை முன்னைவிட நன்றாக இறங்கியது; ஆனால் சில வாரங்களில் அண்ணன் எழுதியிருக்கும் அதே வெள்ளைப் படிவும் வாடையும் எனக்கு வந்தன. அளவு நன்றாக இருக்கும்போது இது எப்படி வரும் என்று குழம்பிப் போனேன்.

மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் முதலிய மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான். ஆகவே இரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை நிறைந்தே இருக்கும். மறைவிடத்தில் பூஞ்சைத் தொற்று இவற்றின் அறியப்பட்ட பக்க விளைவு. பெண்களுக்கு அதிகம், ஆண்களில் முன்தோல் உள்ளவர்களுக்கு அதிகம். எனக்கு மாத்திரையை நிறுத்தவில்லை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் நன்மை பெரியது என்று சொல்லி, ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பின்பும் ஒரு துளியும் தங்காமல் தண்ணீர் விட்டு ஒற்றி எடுக்கச் சொன்னார். பூஞ்சைக் களிம்பும் கொடுத்தார். அதன் பிறகு தொந்தரவு இல்லை. ஆகவே இந்த மாத்திரையை எடுக்கும் யாரும் வாடைக்குப் பயந்து தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யங்கோன் பொது மருத்துவர்

பகோ நண்பர் சொன்னது முற்றிலும் சரி. அந்த மருந்து வகையைப் பற்றி அஞ்சத்தக்க ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிதானது என்றாலும் அறிந்திருப்பது நல்லது. 2018 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இந்த வகை மாத்திரைகளை எடுத்தவர்களில், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் சதை அழுகும் ஃபோர்னியர் என்ற கடுந்தொற்று, ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 12 பேருக்கு வந்ததாகவும், அவர்களில் ஒருவர் இறந்ததாகவும் அது தெரிவித்தது. மாத்திரையைப் பயன்படுத்துவோர் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், சர்க்கரை உள்ள எவருக்கும் விரைப்பையிலோ அதன் பின்புறத்திலோ வேகமாகப் பரவும் வீக்கமும், தொடக்கூட முடியாத வலியும், காய்ச்சலும், அழுகிய நாற்றமும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தட்டோன் மருமகள்

ஆண்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். என் மாமனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் லுங்கியிலும் படுக்கையிலும் சிறுநீர் நெடி கடுமையாக வீசுகிறது. நாள்தோறும் துணி மாற்றுகிறேன், வெயிலில் உலர்த்துகிறேன், ஆனாலும் போகவில்லை. அவர் சரியாகக் கழுவுவதில்லை என்று வீட்டில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் எவ்வளவு சுத்தமான மனிதர் என்பது எனக்குத் தெரியும். முதுமையில் இது இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

யங்கோன் பொது மருத்துவர்

விட்டுவிட வேண்டாம், அம்மா. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. இதைக் கேட்க வேண்டிய ஆண்மக்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

புதிதாக வெளியேறும் சிறுநீருக்குக் கடும் நெடி கிடையாது. துணியிலோ தோலிலோ தங்கிய சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் மூக்கில் ஏறும் அம்மோனியா உண்டாகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, சிறுநீர் ஏன் கசிகிறது என்பதுதான். அந்த வயதில் முதலில் நினைக்க வேண்டியது புராஸ்டேட் வீக்கம். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள அந்தச் சுரப்பி பருத்துப் பாதையை நெருக்கும்போது பை முழுவதும் காலியாவதில்லை. கழித்து முடித்த பின்னும் சொட்டிக்கொண்டிருக்கும். நாளடைவில் பை நிரம்பி வழிவதைப் போலத் தன்னறிவின்றிக் கசியும். தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்ந்தால், வெளிவரும்போதே கலங்கலாகவும் நாற்றத்தோடும் இருக்கும். அவர் முக்கிக் கழிக்கிறாரா, தாரை மெலிந்திருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்பதை மாமனாரிடமோ உங்கள் கணவரிடமோ கேட்டறியச் சொல்லுங்கள். சிறுநீர்ச் சோதனையும், கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அறியும் ஸ்கேனும் தேவை. புராஸ்டேட்டுக்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. மாமனாருடைய முன்தோலையும் ஒரு முறை மருத்துவர் பார்க்கட்டும். முதியவர்களில் தோல் இறுகி மூடியிருந்தால் அதற்குள் ஆறாத புண்ணோ கட்டியோ வளர்வது வெளியே தெரியாது. இரத்தம் கலந்த, நாற்றமுள்ள கசிவுதான் சில வேளைகளில் ஆண்குறிப் புற்றுநோயின் முதல் அடையாளம். இது மிகவும் அரிது, ஆனால் ஒரு நிமிடம் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும்.

அவரைக் குற்றம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு என் வணக்கம்.

மண்டலே நண்பர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும். நான் சுன்னத் செய்யப்பட்டவன். ஆகவே முன்தோல் பற்றிய விளக்கம் எனக்குப் பொருந்தாது. ஆனால் எனக்கும் தொடை இடுக்கில் ஒரு வாடையும், செம்பழுப்பு நிறத்தில் பரந்த தடமும் இருக்கின்றன. அரிப்பு பெரிதாக இல்லை. படர்தாமரை என்று சொல்லிக் கொடுத்த பூஞ்சைக் களிம்பை மாதக் கணக்கில் பூசினேன்; தடம் அப்படியே இருக்கிறது. உடல் கொஞ்சம் கனம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன்.

யங்கோன் பொது மருத்துவர்

வ அலைக்கும் ஸலாம். முன்தோல் நீக்கியவர்களுக்கு மொட்டில் வரும் தொற்று குறைவு என்பது உண்மை. ஆனால் தொடை இடுக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

படர்தாமரை பொதுவாக விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்து, நன்றாக அரிக்கும். நீங்கள் சொல்வது ஒரே சீரான செம்பழுப்புத் தடம், அரிப்பும் இல்லை. இது எரித்ரஸ்மா என்ற தொற்றாக இருக்கலாம். அதை உண்டாக்குவது பூஞ்சையன்று. கோரினிபாக்டீரியம் மினுட்டிசிமம் என்ற பாக்டீரியா. அதனால் உங்கள் பூஞ்சைக் களிம்பு பயனளிக்காமல் போயிருக்கலாம். வெப்ப நாடுகளிலும், உடல் பருத்தவர்களிடமும், சர்க்கரை நோயாளிகளிடமும் இது அதிகம் காணப்படுகிறது. தோல் மருத்துவர் வுட் விளக்கு என்ற புறஊதா விளக்கை இருட்டறையில் அந்த இடத்தில் காட்டினால் அது பவள நிறத்தில் ஒளிரும். சோதனைக்குப் போகும் காலையில் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போகாதீர்கள். ஒளிர்வைத் தரும் பொருள் தண்ணீரில் கரைந்து போய்விடும், சோதனை பொய்யாக இல்லை என்று காட்டும். உறுதியானால் ஃபியூசிடிக் அமிலம், கிளிண்டாமைசின் போன்ற பாக்டீரியாக் களிம்புகளுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

லுங்கி உங்களுக்கு நல்ல உடைதான். அலுவலகத்துக்கு இறுக்கமான செயற்கை இழை உள்ளாடையும் கால்சட்டையும் அணிபவராக இருந்தால், வீடு திரும்பியதும் அவற்றை மாற்றிவிட்டு இடுக்கை உலர விடுங்கள். அக்குளிலோ இடுக்கிலோ வலியுள்ள கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து உடைந்து, சீழ் வடிந்து, தழும்பாகிறது என்றால் அது வேறு நோய், ஹைட்ராடினைட்டிஸ் என்பார்கள். அதன் சீழுக்குக் கடும் நாற்றம் உண்டு. சுத்தக் குறைவால் வருவதாக அதையும் தவறாக நினைக்கிறார்கள்.

இளைஞர், யங்கோன்

ஐயா, எனக்கு இருபத்து மூன்று வயது. சர்க்கரை இல்லை, சோதித்துவிட்டேன். புண்ணும் இல்லை, படிவும் இல்லை. ஆனால் என் மறைவிடத்திலிருந்து மீன் வாடை வருகிறது. பேருந்தில் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைத் தேய்ப்பதைப் பார்க்கிறேன். கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. உடம்பே மீன் நாற்றம் வீசும் பரம்பரை நோய் ஒன்று உண்டு என்று படித்தேன். ஙப்பி சாப்பிடுவதால் இப்படி ஆகுமா?

யங்கோன் பொது மருத்துவர்

தம்பி, உங்கள் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் படித்த நோயின் பெயர் டிரைமெத்திலமினூரியா. முட்டைக்கரு, ஈரல், சோயா, பயறு வகைகளில் உள்ள கோலின் என்ற சத்தையும், கடல் மீனில் உள்ள ஒரு பொருளையும் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமினாக மாற்றுகின்றன. மீன் வாடைக்குரிய பொருள் அதுவே. கல்லீரலில் உள்ள எஃப்எம்ஓ3 என்ற நொதி அதை வாடையற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்கு அது மாறாமல் வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும். ஆகவே அவர்களுக்கு வாடை மறைவிடத்தில் மட்டும் வராது. உடல் முழுவதும், வாயிலும்கூட வரும். நோய் மிக அரிது. நொதி சரியாக உள்ள ஒருவர் ஙப்பி சாப்பிட்டதால் இந்நோயைப் பெற மாட்டார். நோய் உள்ளவருக்குக் கடல் மீனிலும் இறாலிலும் செய்த ஙப்பி வாடையை அதிகமாக்கும். ஆற்று மீனில் அந்தப் பொருள் மிகக் குறைவு. சிறுநீரில் டிரைமெத்திலமினுக்கும் அதன் வாடையற்ற பொருளுக்கும் உள்ள விகிதத்தை அளந்து இதை உறுதி செய்வார்கள். உணவு மாற்றத்தாலும், சற்று அமிலத்தன்மை உள்ள சோப்பாலும் பெருமளவு தணிக்கலாம்.

மீன் வாடை மறைவிடத்தில் மட்டும் உண்மையாகவே இருந்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் முன்தோலுக்கு அடியில் பெருகியிருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் கொடுத்தால் தீரும். பாலுறவு ஏற்பட்டிருந்தால் அதனால் பரவும் தொற்றுகளையும் சோதிக்க வேண்டும். மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் மேல் உண்மையான அன்புள்ள ஒருவரிடம், அம்மாவிடமோ அண்ணனிடமோ, "என்னிடமிருந்து வாடை வருகிறதா?" என்று கேளுங்கள். மருத்துவரும் முகர்ந்து பார்த்துச் சொல்வார். அது அவர் தொழிலின் ஒரு பகுதி. இருவரும் இல்லை என்று சொல்லியும் உங்கள் மனம் ஏற்க மறுத்து, பிறர் இருமுவதும் சன்னலைத் திறப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் உங்களால்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தால், அதுவும் சிகிச்சை உள்ள ஒரு நோய்தான். இல்லாத வாடை தன்னிடம் இருப்பதாக உறுதியாக நம்பித் துன்புறும் நிலையை உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள். அந்தத் துன்பம் பொய்யன்று. மனநல மருத்துவரிடம் பேச்சு வழிச் சிகிச்சையாலும் மாத்திரையாலும் அது குறையும். கல்லூரியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மோல்மீன் கடைக்காரர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சாப்பிடாமல் எடுத்த சோதனையில் 238 காட்டியது. மறுமுறை எடுத்தபோதும் இருநூறுக்கு மேல்தான். டாக்டர் ஐயா சொல்லச் சொன்ன அந்த வாக்கியத்தை மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். அவர் சற்றும் வியப்படையவில்லை. பார்த்துவிட்டு, காண்டிடாதான் என்றார். மெட்ஃபார்மினும், கலப்பில்லாத குளோட்ரிமசோல் களிம்பும் கொடுத்திருக்கிறார். கடையில் வாங்கிய பழைய களிம்பில் ஸ்டீராய்டு இருந்ததை உறையைப் பார்த்து உறுதி செய்தார். கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் சோதிக்க மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். சோப்பை நிறுத்தியதிலேயே எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. வாடையும் குறைந்து வருகிறது.

இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது? அவளுக்கும் மருந்து தேவையா?

யங்கோன் பொது மருத்துவர்

மிக்க மகிழ்ச்சி, தம்பி. நோயின் பெயரோடு சொல்லிவிடுங்கள்: எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, அதனால் இந்தப் பூஞ்சைத் தொற்று வந்தது என்று. காண்டிடா தகாத உறவுக்குச் சான்று அன்று. பாலுறவே இல்லாதவருக்கும் குழந்தைக்கும்கூட அது வரும். விலகிப் படுத்ததற்கும் காரணம் அதுதான் என்று அறியும்போது அவர் மனத்தில் இருக்கக்கூடிய கவலையும் தீரும்.

அவருக்கு அரிப்போ தயிர் போன்ற வெள்ளைப்படுதலோ இருந்தால் அவரும் அதே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருப்பதைத் தவிர்க்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் வழக்கமாக மருந்து தேவைப்படாது. வெடிப்புகள் ஆறும் வரை உறவைத் தள்ளிவையுங்கள். ஆணுறை பயன்படுத்துபவராக இருந்தால், இந்தக் களிம்பு ரப்பரை வலுவிழக்கச் செய்யும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். களிம்பை நிறுத்திச் சில நாட்கள் ஆகும் வரை அதை நம்ப வேண்டாம்.

களிம்பு முடிந்து, சர்க்கரையும் இறங்கிய பிறகும் முன்தோல் பின்னுக்குச் செல்லாமல் இறுகியே இருந்தாலோ, வெண்மையான தழும்புபோல் தடித்தாலோ, அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற வேறொரு தோல் நோயாக இருக்கலாம். அதற்கு மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் வலுவான ஸ்டீராய்டுக் களிம்பே சரியான மருந்து. முன்தோல் நீக்கம் தேவைப்பட்டால், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு செய்துகொள்வதே புண் விரைவில் ஆற உதவும்.